பின்னம் சொல்லிக்கொடுக்கப் போய்ப் பகுதியைத் தொலைத்த கதை

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது இப்படி: "அவ மூக்கப் பத்தி ஏதோ ஆராய்ச்சி பண்ணுதா." திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. மூக் என்றால் பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் படிப்பு. யார் வேண்டுமானாலும், எத்தனை பேர் வேண்டுமானாலும், பெரும்பாலும் கட்டணமில்லாமல் சேர்ந்து படிக்கலாம். இந்திய அரசின் ஸ்வயம், ஐ.ஐ.டி.கள் முன்னின்று நடத்தும் என்பிடெல், அமெரிக்காவில் தொடங்கிய கோர்செரா, எடெக்ஸ் எல்லாம் இந்த வகைதான். அப்படி ஒரு படிப்பை நானே வடிவமைத்து, நடத்தி, அதனால் பயன் இருந்ததா என்று மதிப்பிடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தென்காசிப் பக்கம் ஒரு சுயநிதி பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் எடுத்துக்கொண்டே 2019இல் பகுதி நேரமாகப் பதிவு செய்தேன். மூன்றரை வருடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்தரை வருடம் ஆனது. கையிலிருந்து போனது 75,000 ரூபாய். மாதச் சம்பளம் 18,000 வாங்குகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை; ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் புரட்டினேன். இதில் பாதிக்கு மேல் தண்டம். முன்னாலேயே யாராவது உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போயிருக்காது. எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. இந்தத் தலைப்பில் இப்போது நிறைய பேர் பதிவு செய்கிறார்கள் என்று கேள்விப்படுவதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்றால், 2017 ஜூலையில் ஸ்வயம் தொடங்கிய புதிதில் நான் ஆர்வக் கோளாறில் நான்கு படிப்புகளில் சேர்ந்தேன். காணொளி, எழுத்துப் பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு என்று ஒவ்வொரு படிப்புக்கும் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நான்கில் நான் முடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் என்பிடெல் படிப்பு என்பதாலும், தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டிவிட்டோமே என்பதாலும். மற்ற மூன்றும் தோல்வியா? எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஒன்றில் இரண்டு காணொளி பார்த்தேன், அதை இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். இந்த எளிய அனுபவத்தை என் ஆய்வு முழுவதும் நினைவில் வைத்திருந்தால் போதும், பாதி அடி விழுந்திருக்காது. ஆனால் ஆய்வாளர் என்று பெயர் வந்ததும் சொந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முதலில் வேறு யாரோ நடத்தும் பெரிய படிப்பின் தரவை வாங்கி ஆராயலாம் என்றுதான் திட்டம். மூன்று இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், நினைவூட்டல் அனுப்பினேன், ஒரு இடத்துக்கு நேரிலும் போய் வந்தேன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்தது "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரி. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரக்கணக்கானவர்களின் படிப்புத் தடங்களை, ஊர் பேர் தெரியாத ஒரு ஆய்வு மாணவியிடம் யார் தூக்கிக் கொடுப்பார்கள்? ஆகவே முதல் விஷயம்: தரவு கையில் வரும் என்ற எழுத்துபூர்வ உறுதி இல்லாமல் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். "கேட்டால் தருவார்கள்" என்று கைடு சொன்னால் அந்தக் கடிதத்தை முதலில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வேறு வழியில்லாமல் நானே ஒரு படிப்பு நடத்துவது என்று முடிவானது. "பின்னங்களைக் கற்பித்தல்" என்று தலைப்பு, ஆறு வாரம், தமிழில், பி.எட். மாணவர்களுக்கும் நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கும். இது எனக்குப் பிடித்த பாடம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை எந்த ஊர் வகுப்பிலும் உண்டு. மேலே உள்ளதைத் தனியாக, கீழே உள்ளதைத் தனியாகக் கூட்டிவிடும். கீழே இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்பது அதற்குப் புரியவில்லை. மேலே இருக்கும் தொகுதியைவிடக் கீழே இருக்கும் பகுதியைப் புரியவைப்பதுதான் கஷ்டம் என்று இரண்டாம் வாரக் காணொளியில் நானே கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்குக் காலம் கழிந்து 2021இல் படப்பிடிப்பு. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரின் ஸ்டுடியோவை நாளுக்கு 2,500 ரூபாய் வாடகைக்குப் பிடித்து ஆறு நாள் எடுத்தேன். 34 காணொளிகள், ஒவ்வொன்றும் சராசரியாக 22 நிமிடம். எடிட்டிங் ஒன்றுக்கு 800 ரூபாய். அது மட்டும் 27,200. பச்சைத் திரைக்குப் பின்னால் நூலகம் மாதிரி ஒரு படம், தொடக்க இசை, சுழன்று வரும் எழுத்து. இத்தனையும் முடித்த பிறகுதான் 2014இல் வெளியான ஒரு ஆய்வை வாசித்தேன். பிலிப் குவோவும் இன்னும் இருவரும் எடெக்ஸின் நான்கு படிப்புகளில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசியிருக்கிறார்கள். காணொளி எத்தனை நீளமாக இருந்தாலும் ஒருவர் அதில் செலவிடும் இடைநிலை நேரம் (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்டுடியோவில் செலவழித்து எடுத்ததைவிட, ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது போல் எடுத்ததற்குக் கவனம் கூடுதலாக இருந்தது என்பதும் அதில் உண்டு. வாசித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து வாசித்திருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது. வடிவமைப்புக்குக் கிடைக்கும் முதல் ரூபாயை கேமராவில் போடாதீர்கள். ஒரே ஒரு வாரப் பாடத்தைக் கைபேசியில் எடுத்து, பத்து பேருக்குக் காட்டி, அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காசு செலவழிக்க அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

வடிவமைப்பின் தரத்தைப் பார்ப்பதிலும் சறுக்கினேன். டேவிட் மெரில் சொன்ன கற்பித்தல் அடிப்படைகள் என்று ஒரு தொகுப்பு உண்டு: நிஜப் பிரச்சினையில் தொடங்குவது, தெரிந்ததைக் கிளறிவிடுவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, சொந்த வேலைக்குள் கொண்டுபோக வைப்பது. அதை அடிப்படையாக வைத்து மார்கார்யானும் உடனிருந்தவர்களும் 2015இல் 76 படிப்புகளைச் சோதித்தார்கள். அடுக்கும் அலங்காரமும் பெரும்பாலானவற்றில் நன்றாக இருந்தன, கற்பித்தல் அடிப்படைகளில் பெரும்பாலானவை தேறவில்லை. நான் அதே அளவுகோலைத் தமிழாக்கி "நிபுணர் மதிப்பீடு" வாங்கினேன். யாரிடம்? உடன் வேலை பார்க்கும் ஐந்து பேரிடம், டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து. ஐந்துக்கு 4.6 போட்டார்கள். அந்த எண்ணை இன்றைக்குப் பார்த்தாலும் கூச்சமாக இருக்கிறது. உங்களைத் தெரியாத ஒருவர், முடிந்தால் உங்களைப் பிடிக்காத ஒருவர், அந்தப் பட்டியலை நிரப்பினால்தான் அதற்கு மதிப்பு.

படிப்பு 2021 ஜூலையில் திறந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகச் செய்தி பரவி 412 பேர் பதிவு செய்தார்கள். முதல் நாள் இரவு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் இருந்தேன். இரண்டாவது வாரத்தில் கருத்துப் பகுதியில் பேச்சு நின்றது. நான்காவது வாரம் ஒரு நாள் முழுக்க ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ஆளில்லாத மண்டபத்தில் மைக் பிடித்து நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. கடைசியில் சான்றிதழ் வாங்கியவர்கள் 26 பேர்.

ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டோரல் கமிட்டிக்கு முன்னால், முடித்தவர்கள் 6.3 சதவீதம் என்று ஸ்லைடு போட்டேன். ஒருவர் சிரித்தார். "412 பேர்ல 26. இதுல எங்கம்மா பெருந்திரள்?" என்றார் இன்னொருவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கமிட்டியில் இருந்த ஒரு பேராசிரியை மட்டும் வெளியே வந்து, "பகுதியில ஏன் 412 போட்ட?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "சேர்ந்தது 412 பேர்தானே மேடம்" என்றேன். "சேர்றதுக்கு என்ன செலவு? ஒரு சொடுக்கு. அத வச்சு வகுக்கலாமா?" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய விவாதமே இருக்கிறது என்பது அப்புறம் தேடியபோதுதான் தெரிந்தது. 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் படிப்பில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்து 7,157 பேர் சான்றிதழ் பெற்றார்கள். அன்று தொடங்கியது "ஐந்து சதவீதம்கூடத் தேறவில்லை" என்ற பேச்சு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து முதல் 17 படிப்புகளைப் பற்றி 2014இல் ஒரு அறிக்கை வெளியிட்டன. மொத்தப் பதிவுகள் 8,41,687. சான்றிதழ் 43,196. இத்துடன் நிறுத்தினால் ஐந்து சதவீதம்தான். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. பாடப் பகுதிக்குள் எட்டியே பார்க்காதவை 2,92,852; பாதிக்கும் குறைவாகப் பார்த்தவை 4,69,702; பாதிக்கு மேல் பார்த்தும் சான்றிதழ் வரை போகாதவை 35,937 என்று பிரித்து வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படிப்பே தொடங்காதவர்கள். அவர்களைப் பகுதியில் போட்டு வகுத்துவிட்டு "படிப்பு சரியில்லை" என்பது, பத்திரிகை வாங்கியும் கல்யாணத்துக்கு வராதவர்களைக் கணக்கில் எடுத்துச் சாம்பார் சரியில்லை என்பது போலத்தான். அதே வருடம் ஜஸ்டின் ரைக் என்பவர் இன்னொரு வேலை செய்தார். சேரும்போதே என்ன நோக்கத்தில் சேர்கிறீர்கள் என்று கேட்டு வைத்தார். முடிக்க வேண்டும் என்று சொன்னவர்களில் 22 சதவீதம் சான்றிதழ் வாங்கினார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றவர்களில் 6 சதவீதம்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பதிவுப் படிவத்தில் பெயர், பாலினம், மாவட்டம், சாதிப் பிரிவு, தந்தை தொழில் எல்லாம் கேட்டிருந்தேன், "எதற்காகச் சேர்கிறீர்கள்?" என்ற ஒரு வரி இல்லை. என் மொத்த இழப்பில் மிகப் பெரியது எது என்று கேட்டால் ரூபாயைச் சொல்ல மாட்டேன், இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். ஏனென்றால் இதைப் பின்னால் போய்க் கேட்க முடியாது. பாதியில் விட்டவரிடம் ஆறு மாதம் கழித்து "முடிக்கும் எண்ணத்தில்தான் சேர்ந்தீர்களா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? முதல் நாள், முதல் காணொளிக்கு முன்னால், நான்கு வாய்ப்புகள் கொடுத்துக் கேளுங்கள்: முழுவதும் முடிக்க, சில பாடங்கள் மட்டும் பார்க்க, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இன்னும் முடிவு செய்யவில்லை. வேறு எந்தக் கேள்வியை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

பேராசிரியை சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், விட்டுப் போனவர்களில் 23 பேருக்குப் போன் செய்தேன். இது திட்டத்தில் இல்லாத வேலை, ஆனால் மொத்த ஆய்விலும் உருப்படியான வேலை. கடையநல்லூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர், "நான் எங்க மேடம் நிறுத்தினேன்? எனக்குப் பின்ன வகுத்தல் ஏன் தலைகீழாக்கிப் பெருக்குறோம்னு சொல்லத் தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். அது மூணாவது வாரத்துல கிடைச்சிட்டு. மறுநாளே கிளாஸ்ல எடுத்தேன். பிள்ளைங்க கை தட்டுச்சு" என்றார். என் அட்டவணையில் அவர் இடைநின்றவர். இன்னொருவர், "ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளை தூங்கின பெறவு, மிச்சம் இருக்கிற டேட்டாவுல பாப்பேன். உங்க வீடியோ ஒண்ணுக்கே டேட்டா தீந்து போவும்" என்றார். ஒரு பையன் கடவுச்சொல் மறந்துபோய், திரும்ப வாங்கத் தெரியாமல் விட்டிருக்கிறான். அதற்கான அஞ்சல் ஸ்பேமில் கிடந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ரெனே கிசில்செக்கும் உடனிருந்தவர்களும் 2013இல் மூன்று கணினிப் படிப்புகளை ஆராய்ந்து, படிப்பவர்களை முடிப்பவர், தேர்வு எழுதாமல் பார்ப்பவர், நடுவில் விலகுபவர், ருசி பார்த்துப் போகிறவர் என்று நான்காகப் பிரித்ததை முன்பே படித்திருந்தேன். போனில் கேட்ட குரல்களை அந்த நான்கு பெட்டிகளில் போடும்போதுதான் அது உள்ளே இறங்கியது. கடையநல்லூர் ஆசிரியை தேர்வு எழுதாமல் பார்த்தவர், அவ்வளவுதான். ஆனால் கடவுச்சொல் மறந்த பையனுக்கு அந்தப் பிரிவினையில் இடமே இல்லை. தடம் பார்த்து மட்டும் எழுதினால் அவன் "ஆர்வமிழந்தவன்" ஆகியிருப்பான்.

இனி முன்தேர்வு, பின்தேர்வுக் கூத்து. முன்தேர்வை 168 பேர் எழுதினார்கள், பின்தேர்வை 31 பேர். இரண்டையும் கூகுள் படிவத்தில் வைத்தேன், பெயரும் மின்னஞ்சலும் கேட்டேன். இணைக்கப் போனால் முதலில் "எம். முத்துலட்சுமி", அப்புறம் "முத்துலட்சுமி எம்", நடுவில் வெறும் "முத்து". மூன்று முத்துலட்சுமிகள் இருந்தார்கள். ஒருவர் முதலில் தன் மின்னஞ்சலையும் அடுத்து வீட்டுக்காரர் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். மூன்று நாள் உட்கார்ந்து, சந்தேகமில்லாமல் பொருந்தியது 17 ஜோடி. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுத் தருகிறவரிடம் 8,000 ரூபாய் கொடுத்து, இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி-சோதனை செய்தேன். வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். அதே பேராசிரியை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "விட்டுப் போனவங்க முன்தேர்வுல எவ்வளவு வாங்கியிருந்தாங்க?" என்றார். போய்ப் பார்த்தேன். 17 பேரின் முன்தேர்வுச் சராசரி 25க்கு 14. மற்றவர்களுடையது 9. ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் கடைசிவரை நின்றிருக்கிறார்கள். தெரியாமல் வந்தவர்களை, யாருக்காகப் படிப்பு எடுத்தேனோ அவர்களை, வழியிலேயே தொலைத்துவிட்டு வெற்றி என்று கேசரி கிண்டியிருக்கிறேன்.

இதில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வுகளை வெளியே படிவத்தில் வைக்காதீர்கள்; படிப்பு நடக்கும் தளத்துக்குள்ளேயே வைத்தால் பயனர் எண்ணைக் கொண்டு தானாகப் பொருந்தும். வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கைபேசியின் கடைசி இரண்டு எண் என்று ஒரு குறியீடு போடச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் அது மாறாது. முடித்தவர்களின் முன்னேற்றத்தை எழுதுவதற்கு முன், முடிக்காதவர்களின் தொடக்கப் புள்ளியைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். டி-சோதனையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். இலவச மென்பொருளில் ஒரு மத்தியானத்தில் வரும் வேலை அது.

இதற்கெல்லாம் நடுவில் தடங்களும் போய்விட்டன. யார் எந்தக் காணொளியைத் திறந்தார், எப்போது வந்தார் என்பதெல்லாம் படிப்பை நடத்திய மூடுல் என்ற மென்பொருள் தளத்தின் லாக் பதிவில் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். படிப்பு முடிந்து நான்கு மாதம் கழித்துப் போனால் காலி. இடம் அடைக்கிறதே என்று சர்வரைப் பார்த்துக்கொண்ட பையன் அறுபது நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும்படி அமைத்திருக்கிறான். அவனுக்கு அது குப்பை, எனக்கு அதுதான் ஆய்வேடு. ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது வந்தார் என்ற தேதி மட்டும் பயனர் பட்டியலில் மிஞ்சியது. அதை வைத்துத்தான் 412இல் 274 பேராவது ஒரு தடவை உள்ளே வந்தார்கள் என்று சொல்ல முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்து ஊறும் நேரத்தில் லாக்கைப் பதிவிறக்கி இரண்டு இடத்தில் வைக்கிறேன். நீங்களும் ஒரு கிழமை குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்துக் கணிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிப்பு முடிவில் "திருப்தியா?" என்று கேட்டு 92 சதவீதம் பேர் மிகத் திருப்தி என்றதாக எழுதியிருந்தேன். பதில் சொன்னது முடித்த 26 பேரில் 25 பேர். பந்தியில் பாயசம் வரை உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறேன். இலையை மூடிவிட்டு எழுந்தவர்களிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் இரண்டே கேள்வி வையுங்கள். "இந்த வாரம் எது புரியவில்லை? அடுத்த வாரம் வருவீர்களா?" இவ்வளவு போதும். போகிறவர் போவதற்கு முன் எதையாவது சொல்லிவிட்டுப் போவார்.

பின்தேர்வில் இன்னொரு கோளாறும் இருந்தது. எழுதிய 31 பேரில் ஏழு பேர் நான்கு நிமிடத்துக்குள் முழு மதிப்பெண். வாட்ஸ்அப்பில் விடை சுற்றியிருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. கோபம் வந்தது, அப்புறம் எம்.ஐ.டி., ஹார்வர்டு படிப்புகளிலேயே ஒருவர் இரண்டாவது கணக்கு தொடங்கி அதில் விடைகளைத் தெரிந்துகொண்டு முதல் கணக்கில் எழுதுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதியிருப்பதைப் பார்த்ததும் நம்ம ஊரில் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல். எண்கள் மாறி மாறி வரும்படி கேள்வி வங்கி வைப்பது, எடுத்த நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது இரண்டும் கட்டாயம். இந்த ஏழு பேரை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

ஒப்புதல் விஷயத்தை மறந்தே போனேன். பதிவுப் பக்கத்தில் "உங்கள் தரவு ஆய்வுக்குப் பயன்படும், விருப்பமில்லை என்றால் சொல்லலாம், படிப்புக்குப் பாதிப்பில்லை" என்று ஒரு பத்தியும் ஒரு கட்டமும் போதும். நான் வைக்கவில்லை, நெறிமுறைக் குழுவிடம் படிப்பு தொடங்கிய பிறகு போனேன். முதல் சுற்றின் தனிநபர் தரவை ஆய்வேட்டின் முக்கிய முடிவாகக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருட உழைப்பு முன்னோட்ட ஆய்வு என்ற பெயரில் ஒரு சின்ன அத்தியாயமாகச் சுருங்கியது. இதற்கிடையில் அவசரப்பட்டு ஒரு ஆய்வுப் பத்திரிகைக்கு 12,000 ரூபாய் கட்டிக் கட்டுரை போட்டதையும், நான்கே நாளில் "ஏற்கப்பட்டது" என்று அவர்கள் அனுப்பியதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டதையும் விரித்து எழுத வெட்கமாக இருக்கிறது. கட்டுரையைப் படித்தவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் அதை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சுற்றை 2023 ஜனவரியில் நடத்தினேன். இந்தத் தடவை நெறிமுறை அனுமதி முதலில். காணொளிகளைக் கைபேசியில், சமையலறை மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, என் கை மட்டும் தெரியும்படி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். ஒலி மட்டும் கேட்கும் வடிவமும் வைத்தேன். கடவுச்சொல் பிரச்சினைக்கு வாட்ஸ்அப் எண் ஒன்று. முன்தேர்வில் எட்டுக்குக் கீழே எடுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு தனி வாரம். எதை எண்ணுவேன், எதால் வகுப்பேன் என்பதைத் திறப்பதற்கு முந்தின வாரமே இரண்டு பக்கமாக எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டேன். எண்கள் வந்த பிறகு நமக்கு வசதியான பகுதியைத் தேடும் சபலம் எனக்கும் உண்டு, அதற்குத்தான் அந்தக் கையெழுத்து. "எந்த நாள், எத்தனை மணிக்குப் படிப்பீர்கள்?" என்று முதல் நாளே எழுத வைக்கும் உத்தியையும் சேர்த்தேன். 2020இல் வெளியான ஒரு ஆய்வில் 247 படிப்புகளில் சோதித்துப் பார்த்தபோது அந்த வகை உத்திகளின் பலன் மிகச் சிறிதாகத்தான் இருந்தது. எனக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். நடக்காததை எழுதும்போது பயமாகத்தான் இருந்தது, கமிட்டியில் யாரும் அதற்குத் திட்டவில்லை.

இந்தச் சுற்றில் சேர்ந்தவர்கள் 236 பேர்தான். சான்றிதழ் 41. இந்த 41ஐ ஒரே எண்ணால் வகுக்காமல், சேர்ந்தவர்கள், உள்ளே வந்தவர்கள், முடிக்க வந்தவர்கள் என்று தனித்தனியாக வகுத்து வைத்தேன். "மாட்டிறைச்சிக் கடைக்காரன் மாதிரி எலும்பைக் கழிச்சு எடை போடுறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். கழிக்கவில்லை, எலும்பையும் காட்டித்தான் எடை போடுகிறேன் என்றேன்.

2024 கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கம்ப்ளீஷன் ரேட் என்ன?" நான் எழுந்து பலகையில் எழுதினேன். முடித்தவர்கள், சேர்ந்த 236 பேரில் 17.4 சதவீதம். உள்ளே வந்த 179 பேரில் 22.9. முன்தேர்வு எழுதிய 124 பேரில் 33.1. முடிக்கத்தான் வந்தேன் என்று சொன்ன 88 பேரில் முடித்தவர்கள் 35, அதாவது 39.8, மீதி ஆறு பேர் சும்மா பார்க்க வந்து முடித்துவிட்டுப் போனவர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பின் வரிசையில் அந்தப் பேராசிரியை தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். "சரி, அடுத்த ஸ்லைடு போங்கம்மா" என்றார் தேர்வாளர்.